மாட்டின் தலையில் கட்டிய உண்ணி

பூந்தமல்லி இஃபத்துக்கு வேலையே மாட்டுக் காதுக்குள் விரல் விடுவதுதான். கால்நடை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். உண்ணிகளை இடுக்கியால் பிடுங்கிக் குப்பியில் போட்டு, அவை என்ன நோயைச் சுமக்கின்றன என்று பார்ப்பாள். அவள் தெருமுனை திரும்பினால் மாடுகள் காதை நீட்டி வரிசையில் நிற்கும் என்பேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

மேனாம்பேட்டில் ஒரு தெருவில் மூன்று வீடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. பெயரிலேயே உண்ணி இருக்கிறதே, போதாதா? பால்காரி பொன்னியம்மாவின் மாடுகளை ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதென்று குடியிருப்போர் சங்கத் தலைவர் சம்பந்தம் தீர்மானம் போட்டார். அவர் மனைவி வரலட்சுமியும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். எழுப்பி உட்கார வைத்ததே பொன்னியம்மாவின் பால்தான். அது யாருக்கு நினைவிருக்கிறது?

அந்த மாடுகளுக்கு உண்ணி பார்க்க வந்த இஃபத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், மாட்டு உண்ணி இந்தக் காய்ச்சலக் குடுக்காது. இது புதர்ல, எலி மேல இருக்கிற பொடிப் பூச்சி. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சிட்டோம். அதுக்கு மாடு இன்னா பண்ணும்?"

"உண்ணின்னா உண்ணிதாம்மா. படிச்சவங்க கொழப்பாதீங்க."

"என் மாடு வந்து உன் சம்சாரத்தக் கடிச்சிச்சா நைனா?" என்றாள் பொன்னியம்மா. அவர் காதில் விழாததுபோல் செய்தித்தாளை விரித்தார்.

இஃபத் வரலட்சுமியிடம் போனாள்.

"சிகரெட்டால சுட்ட மாதிரி எங்கியாவது கருப்பா பொருக்கு இருந்துச்சா ஆன்ட்டி? அந்தப் பொடிப் பூச்சி கடிச்சா அப்டித்தான் ஆவும்."

"இடுப்புல இருந்துச்சு."

"மாட்டாண்ட போனீங்களா?"

"எனக்கு மாடுன்னாலே பயம்டி. கோவைக்கா பறிக்க அந்தக் காலி மனைக்குத்தான் போனேன்."

மற்ற இரண்டு வீட்டாரும் கோவைக்காய்க்கு அங்கேதான் போயிருந்தார்கள். தெருவின் குப்பையெல்லாம் அந்தப் புதரில்தான் விழும். அங்கே எலிகள் பூனைகளிடம் வாடகை வசூலிக்கின்றன. இஃபத் பொறி வைத்தாள். பிடிபட்ட எலிகளின் காதில் இருந்த பூச்சிகளில் காய்ச்சல் கிருமி இருப்பதை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. மாட்டு உண்ணிகளில் அது இல்லவே இல்லை.

ஞாயிறு லாரி வந்தது. பொன்னியம்மா மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். இஃபத் எலிக்கூண்டை நீட்டி, பூதக்கண்ணாடியைச் சம்பந்தத்திடம் கொடுத்தாள். எலிக் காதுக்குள் பூச்சிகள் ஆரஞ்சுப் பொடி தூவியதுபோல் அப்பியிருந்தன.

"லாரியில இத ஏத்துங்க சார்."

சம்பந்தம் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காலி மனை என்னோடதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"இன்னாது, உன் மனையா?" என்று பொன்னியம்மா கேட்டது கொரட்டூர் ஏரிவரை எட்டியது.

லாரி மாடுகளை விட்டுவிட்டுப் புதரை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் சம்பந்தம் வீட்டிலிருந்து பாலுக்குப் பாத்திரம் வந்தது. மன்னிப்பு வரவில்லை.