மாமாவின் வண்டி நின்ற கதை

தெருமுனையில் அத்தை திரும்பி வந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காலில் செருப்பில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். கோயிலில் வைத்த குங்குமம் அந்த வீக்கத்தின் மேல் கலைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி, மாட்டுவண்டியைவிட மெதுவாக, கூரையில்லாத சிவப்பு மோட்டார் வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் மூக்கு முழுவதும் கிழிந்த மீன்வலை சுற்றியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மாமா, "ஏறிக்கோ, காலு சுடும், ஏறிக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. தெருவே வாசலுக்கு வந்து நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தது.

மாமா என் கணவரின் தகப்பனார். அத்தை என் மாமியார். நான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் செங்கற்பட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மாமாவின் லேத்துப் பட்டறை இருந்தது. துறைமுகத்துப் படகுகளின் இஞ்சின்கள் அங்கேதான் பழுது பார்க்க வரும். அத்தை காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் எடுப்பவர். ஏலத்தில் எழும்பும் அவர் குரலுக்குப் பெரிய வியாபாரிகளே ஒதுங்குவார்கள். மாமா பொதுவாகவே குரல் உயர்த்தாதவர். இரும்போடு பேசிப் பேசி மனிதர்களோடு பேசுவது குறைந்துபோன ஆள் என்று அத்தை சொல்வார்.

அந்தச் சிவப்பு வண்டி கப்பலில் வந்தது. இறக்கும்போது கிரேன் கயிறு அறுந்து கடல் தண்ணீரில் விழுந்து, பிறகு தூக்கியெடுத்துப் பழைய இரும்பாக ஏலத்தில் விட்டார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தய வண்டி. மாமா அதை இழுத்து வந்து, நசுங்கிய தகட்டையெல்லாம் தட்டி நிமிர்த்தினார். உப்புத் தண்ணீர் குடித்த அதன் சின்ன இஞ்சின் எதற்கும் உதவவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றிலிருந்து பெரிய இஞ்சினைக் கழற்றி வந்து இதில் பொருத்தினார். வண்டி பறந்தது. ஆனால் பிரேக் மட்டும் அந்தப் பழைய சின்ன இஞ்சினுக்கு ஏற்றதாகவே இருந்தது. காலால் மிதித்தால் மெல்லிய கம்பிக் கயிறுகள் நாலு சக்கரத்தையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கடல் தண்ணீரில் ஊறிய கயிறுகள். ஒன்று இழுத்தால் ஒன்று இழுக்காது.

வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கு அத்தையை முதன்முதலாக அதில் அழைத்துப் போனார். திரும்பும் வழியில் ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடந்தது. மாமா மிதித்தார், வண்டி கேட்கவில்லை. ஆடுகளைக் காப்பாற்றக் கடற்கரைப் பக்கம் ஒடித்துத் திருப்பினார். காய்ந்துகொண்டிருந்த வலைகளுக்குள் புகுந்து, மணலில் புதைந்து, அப்படித்தான் வண்டி நின்றது. அத்தையின் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் மோதியது. அவர் இறங்கினார், வலைக்காரர்களிடம் கைகூப்பினார், நடக்கத் தொடங்கினார். வலைக்காரர்கள் மணலிலிருந்து தள்ளிவிட்ட வண்டியோடு மாமா அவர் பின்னாலேயே வந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் வாய் திறந்தார். "யோவ், அந்த ஜீப்புலர்ந்து இஞ்சின கயட்டிகினு வந்தியே, பிரேக்க ஏன்யா அங்கியே வுட்டுட்டு வந்தே?"

"ஓட்றதுல மட்டும்தான் புத்தி போச்சி உனுக்கு. இது நிக்கிற வரிக்கும் நான் இதுல ஏறமாட்டேன்" என்றார் அத்தை. அன்று மாமா சாப்பிடவில்லை. அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

மறுநாளே அந்த ஜீப்பின் பிரேக்கைத் தேடிப் போனார். கயிறு இல்லாத பிரேக் அது. மிதித்தால் குழாய்களுக்குள் இருக்கும் எண்ணெய் அழுந்தி, நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் அழுத்தத்தைக் கொண்டு சேர்க்கும். பெரிய உருளைகள், செப்புக் குழாய்கள், ரப்பர் வளையங்கள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து, லேத்தில் கடைந்து, சிவப்பு வண்டிக்குப் பொருந்த வைத்தார். அதற்கென்று உள்ள எண்ணெய் மட்டும் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. கப்பலில் வந்தால்தான் உண்டு என்றார்கள். எண்ணெய் எதுவானால் என்ன என்று இஞ்சின் எண்ணெயையே ஊற்றினார். முதல் நாள் வண்டி பட்டென்று நின்றது. மாமா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. ஆனால் சில நாளில், கல்மண்டபம் சந்தை நடுவில் நிறுத்திய வண்டி மறுபடி நகரவேயில்லை. நாலு சக்கரமும் இறுகிப் போயின. பின்னால் கைவண்டிகளும் குதிரைவண்டிகளும் சேர்ந்துவிட்டன. ஆளாளுக்குத் தள்ளியும் அசையவில்லை. மீன்கூடையோடு அந்தப் பக்கம் வந்த அத்தை நின்று பார்த்தார்.

"நிக்கணும்னு நீதானே சொன்னே?" என்றார் மாமா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "நிக்குது பாரு."

சந்தையே சிரித்தது. அத்தை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டார். அடக்கிய சிரிப்பு என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர் வண்ணாரப்பேட்டையில் ரப்பர் சாமான் வியாபாரம் செய்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். பிரித்துக் காட்டிய ரப்பர் வளையங்களைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "தோஸ்து, இஞ்சின் ஆயில்ல ரப்பர் ஊதிப்பூடும். இட்லி கணக்கா ஆயிருக்கு பாரு. இதுக்கு வெளக்கெண்ணதான். ஆனா அது கெட்டி. ஸ்பிரிட்டு கலந்தாத்தான் குயாயில ஓடும்." புது வளையங்களையும் அவரே கொடுத்தார்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஸ்பிரிட் என்ற சொல்லையே தெருவில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. மாமா ஒரு காலத்தில் குடித்தவர். ஒருநாள் போதையில் படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்து, செத்துப் பிழைத்தார். அப்போது அத்தை அவரைக் கரைக்கு அழைத்துப் போய், கடல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தவைத்துச் சத்தியம் வாங்கினார். அதன் பிறகு மாமா தொட்டதில்லை. "ஊர சட்டம் நிறுத்திச்சி, இவர நான் நிறுத்தினேன்" என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

மரச்சாமான்களுக்கு மெருகு போடும் தச்சர் ஒருவரிடம் அரைப் புட்டி ஸ்பிரிட் வாங்கி வந்த மாமா, வீட்டில் யாரும் இல்லாத பகலில் பட்டறையில் கலக்க உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வர, அத்தையும் கரையிலிருந்து வந்தார். இருவரும் ஒன்றாகத்தான் வாசலில் கால் வைத்தோம். முற்றமெங்கும் சாராய நெடி. அத்தை கூடையை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றார். ஏலத்தில் அத்தனை பேரை அடக்கும் அந்த முகம் அப்படி வெளுத்துப் போய் நான் பார்த்ததேயில்லை. நான் அவர் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். எங்கள் பகுதி ஏட்டு.

"இன்னாம்மா, வாசன தெருமொன வரிக்கும் வருது? உள்ள யாரு?"

அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "என் வூட்டுக்காரர் கீறாரு. சட்டம் வர்றதுக்கு மின்னாடியே குடிய வுட்டவரு. நீ வேற வூடு பாரு."

"அப்போ இந்த வாசன?"

"அத நானும்தான் கேக்கணும். மொதல்ல நான் கேக்கறேன். அப்பால நீ கேளு."

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். நெடியில் கண் சிவந்து நீர் வழிந்தது. கையில் ஒரு பித்தளைப் பாத்திரம். பார்த்தால் யாருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றும். "பிரேக்குக்கு..." என்று தொடங்கினார். "பிரேக்குக்கு எவனாச்சும் சாராயம் ஊத்துவானா?" என்று ஏட்டு பாய்ந்தார். அத்தை பாத்திரத்தில் விரலை விட்டார். விரல்களுக்கு நடுவே தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐய! வெளக்கெண்ண!"

பிறகு அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்காரர்களை மதில் மேல் எட்டிப் பார்க்க வைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரத்தை வாங்கி ஏட்டிடம் நீட்டினார். "இந்தா நைனா, சாராயம்னா ஒரு டம்ளர் குடி. அப்பால மூணு நாளிக்கு உன்ன டேசன்ல தேடுவாங்கோ."

ஏட்டு குடிக்கவில்லை, நம்பவும் இல்லை. செய்து காட்டு என்று முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் ஊற்றிய பிறகு, குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மாமா என்னைப் பார்த்தார். அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறமாட்டேன்னியே?" என்றார் மாமா, தரையில் படுத்தபடி.

"இப்போ இது ஓடலியே. நீ வேலைய பாரு."

மிதி, பிடி, விடு என்று மாமா கீழிருந்து சொல்ல, அத்தை அரிசி இடிக்கும் வேகத்தில் மிதித்தார். எல்லாம் முடிந்ததும் ஏட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாமா தெருவில் வண்டியை விரட்டினார். முனை வரை போய்த் திரும்பி, எங்கள் வீட்டுக்கு நேரே வந்து மிதித்தார். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. ஏட்டின் தொப்பி மட்டும் நிற்காமல், கண்ணாடிக்கு மேலே பறந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது. "நிக்குது" என்றார் ஏட்டு, வெறுந்தலையைத் தடவிக்கொண்டு. "நல்லாவே நிக்குது. ஸ்பிரிட்டுக்கு பட்டறை பேர்ல ஒரு பர்மிட்டு வாங்கி வெச்சிக்கோ." அத்தை அவர் தொப்பியைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வண்டியில் ஏறினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். இருக்கைகளுக்குப் பின்னால், பெட்டி வைக்கும் இடுக்கில் நான் குறுக்கே உட்கார்ந்தேன். மாமாவுக்கு வேகத்தில் ஆசை. அத்தைக்கு நிறுத்துவதில் ஆசை. "நிறுத்து" என்பார், வண்டி நிற்கும். தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுவார். "போ" என்பார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் "நிறுத்து". வலை கிழிந்த இடத்தில் இறங்கி, "அன்னிக்கு வந்த அதே வண்டிதான், இப்போ நிக்குது, வந்து பாருங்கோ" என்று ஊரைக் கூட்டினார். வலைக்காரர்களின் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி மாமா ஒரு சுற்று அடித்தார். புது வலைக்கான நூலை அத்தை முன்பே கொடுத்தனுப்பியிருந்தார் என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்று அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை வரிசை கட்டி நிற்கின்றன. அன்று கோயிலைத் தாண்டினால் கடல் காற்றும் நாங்களும்தான். எண்ணூர் வரை போனோம். திரும்பும் வழியில் அத்தை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, நான் ஒருத்தி பின்னால் இருப்பதையே மறந்தவர்போலச் சொன்னார்:

"அன்னிக்கு வாசன வந்துச்சே. ஒரு நிமிசம் நம்பிட்டேன்யா. ஏட்டு கிட்ட அப்டி சொன்னேனே தவிர, உள்ளுக்குள்ள நம்பிட்டேன்."

மாமா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். காற்றின் இரைச்சல் அடங்கியது.

"நானும் ஒரு நிமிசம் மோந்து பாத்தேன்" என்றார். "புட்டிய தெறந்துட்டு, மூக்காண்ட வெச்சிகினு, ஒரு நிமிசம். அப்பால சட்டுனு வெளக்கெண்ணய ஊத்திட்டேன்."

அத்தை அவர் பக்கம் திரும்பி முறைத்தார். அந்த முறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பாக மாறியதை நான் பின்னாலிருந்து, பக்கவாட்டில், ஒரு கன்னத்தில் மட்டும் பார்த்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. வீடு வரும்வரை ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.