வாசலில் வைத்த அரிசிப் பை

போர்க்காலம் அது. இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் திருகோணமலையில் எங்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டிலில் பட்டினி கிடந்தார்கள். மறைவாகக் கொடுப்பதே தர்மம் என்பார் எங்கள் கோயில் சுவாமியார். எனக்கும் ஆட்களோடு கதைக்கக் கூச்சம். நோன்பிருக்கும் தபசு காலத்தில் ஒருநேரம் சாப்பிடாமல் சேர்த்த அரிசியைப் பையில் கட்டி, விடியுமுன் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

"ஐயோ, குண்டு! பிள்ளையளைத் தூக்குங்கோ!" என்று விடிந்ததும் பையைக் கண்ட அந்தத் தாய் அலறினார். ஆமிக்காரர் வந்து பையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அரிசி மண்ணோடு சிதறியது.

"ஆர் வைச்சது?" என்று சனம் கேட்டது. பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அன்றே அந்தத் தாய் பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டார்.

இப்போது யாருக்கு எதைக் கொடுத்தாலும், "அக்கா, நான்தான்" என்று கூப்பிட்டு, கையில்தான் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அன்று என்ன சாப்பிட்டார்களோ, தெரியாது.