வக்கீல் வீட்டு நாற்காலி

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ஹெட்போன் அக்கா என்று பெயர். பால் வாங்க வந்தாலும் கழுத்தில் அது தொங்கும். வேறொரு நாட்டு மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை, இவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தட்டச்சு செய்வாள். கம்பெனியும் அந்த நாட்டில்தான் இருந்தது.

உட்கார்ந்து என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் மாமியார், இன்னொன்றில் சத்தம் போட்டுப் படிக்கும் மகள். மிச்சம் கிடைத்தது சமையலறையை ஒட்டிய துவைக்கிற இடம். வாஷிங் மெஷின்தான் மேசை, முதுகில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்தான் சிம்மாசனம். முழங்காலை நுழைக்க இடமில்லாததால் ஒருக்களித்து உட்கார்ந்து, மெஷின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி அடிப்பாள். துணி சுற்றும்போது லேப்டாப்பும் சேர்ந்து ஆடும். அப்போதும் நிறுத்தமாட்டாள், அப்படியொரு பிடிவாதம்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் இடத்தையெல்லாம் பாதுகாப்பு அதிகாரி வீடியோவில் பார்க்கப்போகிறார். ஆள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அவருடைய முதுகுக்கும் கைக்கும் முதலாளிதான் பொறுப்பு என்பது அவர்கள் ஊர்ச் சட்டம். எல்லை தாண்டி இருப்பவர்களுக்கு அது செல்லுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு, எந்த நாட்டில் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே விதி என்று கம்பெனி முடிவு செய்திருந்தது.

புருஷன் பதறிப்போனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் பெல்ட் மாட்டாமல் ஒரு லிஃப்ட் கிணற்றிலும் இறங்கமாட்டார், வெளியில் அவ்வளவு கறார்.

"இந்த வாஷிங் மெஷினைக் காட்டினேன்னு வை, நாளைக்கே உன்னைத் தூக்கிடுவாங்க. வீட்டைப் பாக்க வர்றாங்கன்னா சும்மாவா?"

"எனக்கும் அதாங்க பயம்" என்றாள்.

மேல்மாடி வக்கீலிடம் சுழல் நாற்காலியும் மேசையும் இரவல் கேட்டார்கள். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கியதைப் பார்த்துக் குடியிருப்பே சிரித்தது. மாமியார் அறை ஒருமணி நேரத்தில் ஆபீஸாக மாறியது. கட்டிலை மறைத்துத் திரை வேறு போட்டார்கள்.

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. ஆபீஸ் மொழியில்தான் பேசினார்கள், நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

"நாற்காலி பிரமாதமா இருக்கே! கை, கழுத்து, எங்கயாவது வலி உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப நாங்க உங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. சந்தோஷம்."

அனுப்புவார்களா? இன்னொரு நாட்டில் இதே வேலை செய்யும் தோழி, தான் கட்டிலில் உட்கார்ந்து அடிப்பதை அப்படியே காட்டினாளாம். மேசை, நாற்காலி, புது கீபோர்டு எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கியதாம். இதைக் கேட்டு மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். வக்கீல் வீட்டுச் சாமான் திரும்ப மாடியேறியது, அவள் திரும்ப மெஷின் பக்கம் போனாள்.

புருஷனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. "ஒண்ணும் இல்லை" என்றவளின் வலதுகை அப்போதே மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. காலையில் எழுந்தால் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் வேறு யாருடையவோ போலிருக்கும். உதறி உதறித்தான் உயிர் வரும். மகளுக்குப் பின்னல் போடும்போது சீப்பு நழுவும், பால் டம்ளர் நழுவும். "கை ஈரம்" என்று சமாளித்துவிடுவாள். கை போனால் வேலையும் போய்விடும் என்ற பயம் அவளை வாய் திறக்க விடவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஹெட்போனில் ஒரு மருத்துவர் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். தொழில் தட்டச்சு. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருக்கிறது. நோயாளி மிகவும் தாமதமாக வந்திருக்கிறார். கட்டை விரலடிச் சதை வற்றிவிட்டது. அறுவை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அதை அவள் ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். பிறகு பதிவை நிறுத்திவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலதுகையில் கட்டை விரலடி தட்டையாக இருந்தது. அழுகை வந்தது, கோபமும் வந்தது, கோபம் முழுக்கத் தன் மேலேயே.

அதிகாரியை அழைத்தாள். பூசி மெழுகாமல், லேப்டாப்பைத் தூக்கி ஸ்டூலையும் மெஷினையும் நனைந்த துணிக் குவியலையும் காட்டினாள். அன்று பார்த்த நாற்காலி இரவல் என்றாள்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. மேசையும் நாற்காலியும் அனுப்புவதாகவும், மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்றும், அதுவரை சம்பளத்தோடு ஓய்வு என்றும் சொன்னார். பிறகு, "வலதுகையைத் தூக்குங்க. கட்டை விரலால சுண்டுவிரல் நுனியைத் தொடுங்க" என்றார்.

தூக்கினாள். கட்டை விரல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இடதுகையால் அதைத் தள்ளப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மெக்கானிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"நீங்க நாற்காலியை இறக்குனீங்களே, அதுக்கும் முன்னாலேர்ந்து."

அவர் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். லேப்டாப் திரையைப் பார்த்து, தமிழில் சொன்னார்:

"இவ ஒண்ணும் இல்லைன்னு சொன்னா இனிமே நம்பாதீங்கம்மா. நான் நம்பிட்டேன்."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றார்?" என்று இவளைக் கேட்டார்.

வீட்டில் அந்த மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் எடுத்துச் சொன்னாள்.