முட்டை வழக்கு ஏன் நின்றது

ரேடியோ பழுது பார்க்கிறவனுக்குப் பெட்டியின் முதுகுதான் பழக்கம். அதன் முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கிற வாய்ப்பு அவனுக்கு அதிகம் கிடைக்காது. பஞ்சாயத்து ரேடியோக்களுக்கு பேட்டரி மாற்றவும் பழுது பார்க்கவும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் பஸ்ஸும் சைக்கிளுமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அலைந்தவன் நான். போன இடத்திலெல்லாம் ஒரு படிவத்தை நிரப்பி, அதை யார் படிக்கிறார்கள் என்று தெரியாமலே காலம் தள்ளியவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லப்போகிற விஷயத்தை நானே பல வருஷம் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிராம நிகழ்ச்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பத்து நிமிஷம் ‘முட்டை வழக்கு’ என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. கண்ணுசாமியின் கோழி சொக்கலிங்கத்தின் வைக்கோல் போரில் முட்டையிட்டுவிட்டது. முட்டை யாருக்குச் சொந்தம்? நாட்டாமை இரண்டு பேரையும் பேசவிடுவார், புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்புவார், தீர்ப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார். ஏழு வருஷம் தள்ளிவைத்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வழக்கு வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு வானொலி நிலையத்தில் வேலை பார்த்த தங்கவேலு என்ற நண்பர் ஒரு காரணம் சொன்னார். அது உண்மைதானா, உண்மையென்றால் அதில் என் பங்கு எவ்வளவு என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

தூங்காத பெட்டி

பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊரில் மட்டும் பேட்டரி எப்போதும் சீக்கிரம் தீர்ந்துபோகும். மற்ற ஊர்களில் நான்கு மாதம் வருவது அங்கே இரண்டரை மாதம்கூடத் தாங்காது. பெட்டியின் சாவி கோவிந்தன் என்பவரிடம் இருந்தது. சாயங்காலம் கிராம நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது திறப்பது, முடிந்ததும் பூட்டுவது, இதுதான் அவர் பொறுப்பு. சினிமாப் பாட்டுக்காகப் பகலில் வைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மதியம் போய் இறங்கினேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நிலையம் ஒலிபரப்பாத நேரம், வெறும் இரைச்சல். கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால வழக்குக்காகப் பெட்டியைச் சூடேற்றுகிறாராம். வால்வு சூடாக அரை நிமிஷம் போதும், மூன்று மணி நேரம் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“உங்க கணக்கு சரிதான் சார். ஆனா வழக்கு ஆரம்பிக்கிற நேரத்துல பொட்டி கண்ணத் தொறக்கலன்னா, இந்த ஊர்ல பொம்பளைங்க என்னைக் கண்ணத் தொறக்க விட மாட்டாங்க.”

சாட்சி

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும், நிலபுலம் உள்ளவர், தோளில் வெளுத்த துண்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான் ரேடியோ ஆபீஸ்காரன்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பஞ்சாயத்தில் ஏதோ தகராறு போலிருக்கிறது, மனு கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் சாட்சி சொல்ல வந்திருந்தார். அவர் ஊரே கோழிக் கட்சி, வைக்கோல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துகிடந்தது. அவரும் அவருடைய மாமனாரும் எதிரெதிர்க் கட்சி. பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அது நாடகம், நடிகர்கள் பேசுவது என்று சொல்லிப்பார்த்தேன். தெரியும் என்று தலையாட்டினார். நாடகமாகவே இருக்கட்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். என் பையிலிருந்து ஒரு தாளை எடுக்கவைத்துத்தான் விட்டார்.

“எழுதிக்குங்க சார். கோழி தன் இஷ்டத்துக்குத்தான் போச்சி, அத்த எவனும் புடிச்சிக்கினு போயி அங்க உக்கார வெக்கல. எங்க மாமனார் பேரு மட்டும் வாணாம்.”

படிவத்தில் ஒரு கட்டம்

ஒவ்வொரு ஊரிலும் நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் பேட்டரி, வால்வு, ஏரியல் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. கடைசியில் ஒன்று: ‘அமர்ந்து கேட்போர் எண்ணிக்கை’. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பெட்டி இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் விரித்த பாயிலும் மணலிலும் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் போட்டுவிடுவேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விலை, உர விஷயம் சொல்லும்போது நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். விலை முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கும்போது வீட்டிலிருந்தே கேட்கலாமே. முட்டை வழக்கு வரும்போது மணலில் மிஞ்சுவது ஐந்து, ஆறு பேர்.

பெண்கள் யாரும் அந்த மணலுக்கு வந்து உட்கார்ந்ததில்லை. வாசலிலும் வேலி ஓரத்திலும் முறத்தோடு நிற்பார்கள். இதை எங்கே எழுதுவது என்று விழுப்புரத்தில் எங்கள் ரேடியோ டிப்போவில் ஸ்டோர் பார்த்த ராஜகோபாலிடம் கேட்டேன். என்னைவிட மூத்தவர், விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நிக்கிறவங்கள கவர்மென்ட்டு கேக்கல. உக்காந்தவங்களத்தான் கேட்டிருக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதினவன் எவனும் இதுவரைக்கும் பேஜார்ல மாட்டினதில்ல.”

குழாய் திரும்பியது

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே மூன்று மைலில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். காலனிக்காரர்கள் ஊருக்குள் வந்து ரேடியோ முன்னால் உட்காரும் வழக்கமில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, அவசியமும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தாண்டை வரிசையாக நின்று கேட்பார்கள். நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போய்விட்டு வந்த காலோடு நிற்பார்கள்.

நான் ஏணி வைத்துக் குழாயைச் சரிபார்த்துவிட்டு வாய்க்காலைத் தாண்டி சைக்கிளை எடுக்கும்போது அஞ்சலை என்ற அம்மாள் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். காற்று வடக்கே அடித்தால் கண்ணுசாமி பேசுவது கேட்கிறது, சொக்கலிங்கம் பதில் சொல்வதற்குள் காற்று மாறிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் நியாயம் எப்படித் தெரியும் என்றார். நான் திரும்பிப் போய் மறுபடி ஏணி ஏறிக் குழாயை நாலு விரற்கடை வாய்க்கால் பக்கம் திருப்பினேன். சாவி வைத்திருந்தவர் ஏன் என்று கேட்டார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, ஏணியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை நான் போனபோது அஞ்சலை ஒரு மடி வேகவைத்த மல்லாட்டையோடு வாய்க்கால் கரையில் காத்திருந்தார். அன்றைக்கு எண்பது பேராவது கரையில் நின்றார்கள். மல்லாட்டையைத் தின்றுகொண்டே படிவத்தில் ஆறு என்று எழுதினேன். அவர் என்னிடம் சொன்னது:

“இப்போ ரெண்டு பேரும் பேசறது நல்லா கேக்குதுங்கய்யா. கேட்டப்புறம்தான் தெரியுது, ரெண்டு பேரு மேலயும் தப்பு.”

அறுந்த ஒயர்

வழக்கு நின்றுபோன இரண்டாவது வாரம் எனக்கு எட்டு ஊர்களிலிருந்து பழுது என்று தகவல் வந்தது. அத்தனை பெட்டி ஒரே வாரத்தில் கெடாதே என்று மண்டகப்பட்டுப் பக்கம் முதலில் போனேன். பெட்டி மணி மாதிரி பாடிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர், பல் போன பெரியவர், என்னைப் பார்த்ததும் சங்கடத்தோடு எழுந்து வந்தார். போன தடவை நான் பேட்டரி மாற்றியதற்குப் பிறகுதான் முட்டை வழக்கு வரவில்லை. ஆகவே நான்தான் எதையோ கழற்றியிருக்க வேண்டும் என்பது ஊர் முடிவு.

நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, நன்றாக இருந்த இரண்டு இணைப்பைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அந்தப் பாசாங்கைப் பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மத்ததெல்லாம் வருதுங்க. அது ஒண்ணுதான் வரல. அது வர்ற எடத்துல மட்டும் ஒயரு அறுந்திருக்கும், ஜல்தியா பாருங்க சார்.”

பிளாட்பாரத்தில் டீ

தங்கவேலு நிலையத்தில் கடிதப் பிரிவில் இருந்தார். என் வயதுதான். சொந்த ஊருக்குப் போகும்போது விழுப்புரத்தில் ரயில் மாறுவார். அப்போதெல்லாம் சேர்ந்து டீ குடிப்போம். வழக்கு ஏன் நின்றது என்று ஒரு தடவை நேராகவே கேட்டேன். கேட்க ஆளில்லை என்றார். நான் சிரித்துவிட்டேன். நடிகர்களுக்குள் சண்டை, மேலிடத்தில் யாருக்கோ கோபம், இப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கிராமங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு அதிகாரி, ‘ஆறு பேர் கேட்பதற்கு மூன்று நடிகர்கள் எதற்கு’ என்று ஃபைலில் எழுதினாராம். கடிதமாவது வந்திருக்குமே என்றேன். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே தங்கவேலு சொன்னார்:

“கடுதாசி போடத் தெரிஞ்சவங்களுக்கு முட்டை புடிக்கல. முட்டை புடிச்சவங்களுக்குக் கடுதாசி போடத் தெரியல. நடுவுல நாம என்னா சார் பண்றது?”

முந்தானை

அந்தக் காரணத்தை நம்பாமலே ஒரு மாதம் கழிந்தது. வாய்க்கால் ஊருக்கு பேட்டரி மாற்றப் போனேன். அஞ்சலை வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். எதற்காகச் சொன்னேன் என்று தெரியாது. கேட்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்களாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. ஏழு வருஷம் வாரம் தவறாமல் சிரிக்கவைத்தார்களே, அந்த மூன்று பேரும் நன்றாக இருக்கட்டும் என்றார். குழாயைத் திருப்பிவைத்ததற்காக என்னையும் நன்றாக இருக்கச் சொன்னார். அப்புறம்தான் இதைச் சொன்னார்:

“அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாதுங்கய்யா. நாங்க சிரிக்கிறது ஊருக்குள்ள கேக்கக் கூடாதுன்னு முந்தானைய வாயில வெச்சிக்கினு இல்ல சிரிச்சோம்.”

கார்பன் காப்பி

இரண்டு வருஷம் முன்பு டிப்போவை மாற்றியபோது என் பழைய படிவங்களின் கார்பன் காப்பி ஒரு கட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஆறு, ஐந்து, ஆறு, ஆறு. என் கையெழுத்து அழகாகவே இருந்தது. மற்ற பகுதிகளில் மற்ற மெக்கானிக்குகள் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஒருவனுடைய ஆறுதான் அந்த வழக்கை முடித்தது என்று நினைப்பதில் குற்ற உணர்ச்சி பாதி, கர்வம் பாதி என்றும் தோன்றுகிறது. ஆனால் குழாயைத் திருப்பியவனுக்கு அங்கே ஆள் இருந்தது தெரியும். படிவத்தின் ஓரத்தில் ‘நிற்போர் எண்பது’ என்று எழுதியிருந்தால் யாரும் என்னை வேலையைவிட்டு எடுத்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் தங்கவேலுவைப் பார்த்தேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. இத்தனை வருஷமும் விழுப்புரம் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கார்டு போட்டு வரச்சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருமுறைகூட என் வேலையைக் குறை சொன்னதில்லை. எனக்கு அமைந்த நண்பர்களில் அவர் அபூர்வம். உட்கார்ந்தவர்களை எண்ணி எழுதிவிட்டு, நின்றவர்களிடம் மல்லாட்டை வாங்கித் தின்ற அரசாங்க ஊழியன் நான் ஒருவன் மட்டும் இருந்திருக்க மாட்டேன் என்பதுதான் என் சேவைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் பாயசம் விழும் வரை பொறுத்திருந்து, அவரிடம் கேட்டேன்:

“தங்கவேலு, அன்னிக்கு விழுப்புரத்துல டீ குடிக்கும்போதே அந்த ஆறு நான் எழுதின ஆறுன்னு உங்களுக்குத் தெரியுமா?”