டிவியின் இடது பாதி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாவது வாரம் எங்கள் டிவியின் இடது பாதி கறுத்துப்போனது. சத்தம் வந்தது. வலது பாதியில் படமும் வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு ஒரு கண், அரை மூக்கு, அரை வாய். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். பக்கவாட்டில் தட்டினேன். அப்படியேதான் இருந்தது.

தாராவியில் ஒரே அறை உள்ள வீடு எங்களுடையது. கட்டிலில் கிடப்பவருக்கு அந்த டிவியை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. தோல் பை தைக்கிற கார்கானா வைத்திருந்தவர் அவர். வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்குவதென்றாலும் முடிவு அவருடையதுதான். அந்தப் பழக்கத்தில் அவரிடமே கேட்டேன்.

“ஏங்க, டிவில பாதி போச்சே. ரிப்பேருக்குச் சொல்லவா, புதுசு வாங்கிரலாமா?”

“நல்லாத்தான ஓடுது. என்னத்துக்கு வீண் செலவு?”

கார்கானா பூட்டிக் கிடக்கிற கவலையில் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலை முடிந்து வந்த மகள் புதுசே வாங்கிவிடலாம் என்றாள். எனக்கு மனம் வரவில்லை. ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

அவர் டிவியை ஓடவிட்டபடியே பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“பேனல் போயிருச்சுக்கா. அதை மாத்துற காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா புது டிவியே வந்துரும். இல்லன்னா உள்ள டேப் ஒட்டி ஏதாவது ஜுகாட் பண்ணிப் பாக்குறேன். ஒரு மாசம் ஓடுனாலும் ஓடும். கை வச்சதுல மொத்தமா போனாலும் போயிரும். நீங்கதான் சொல்லணும்.”

கட்டிலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

“தம்பி, ஓடுத டிவியை என்னத்துக்குக் கழத்துத?”

மெக்கானிக் சிரித்தார். “பாதி இருட்டா இருக்குல்ல, பாய்.”

“எங்க இருட்டு?”

“இந்தா, இங்க.” கறுத்த பாதியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

என் கணவர் உற்றுப் பார்த்தார். பார்வை திரையின் நடுவில் வந்து நின்றுவிட்டது. “கையைக் காட்டுப்பா. எங்க வச்சிருக்க?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் ஹிந்தியில், இடது பக்கம் இவருக்குக் கொஞ்ச நாள் கவனம் இருக்காது என்று சொல்லியிருந்தார். விளங்காத கையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கை எங்கேயும் இடிபடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிவியின் பின்மூடியைத் திரும்ப மாட்டச் சொல்லி மெக்கானிக்கை அனுப்பிவைத்தேன். மத்தியானம் தட்டில் வழக்கம்போல் பாதிச் சோறு மிச்சமிருந்தது. பசியில்லை போலிருக்கிறது என்று தினமும் நான் எடுத்துப் போன பாதி. அன்று மிச்சச் சோறு அவருக்கு வலது பக்கம் வரும்படி தட்டை அப்படியே சுற்றி வைத்தேன்.

“இன்னும் வச்சியா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறது என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

“சரியாகுற அன்னைக்கு வாப்பா முழுப் படம் பாக்க வேணாமா? புதுசு வாங்கிருவோம் உம்மா” என்றாள் மகள்.

நான் வேறொன்று நினைத்தேன். கெட்டது கெட்டபடி இருக்கட்டும். டிவி கெட்டுவிட்டது என்று என்றைக்கு அவர் வாயால் சொல்கிறாரோ, அன்றைக்கு அவருக்குக் குணமாகிறது என்று அர்த்தம். மகளிடம் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். தினமும் காலையில் டிவியைப் போட்டதும் கேட்பேன்.

“படம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சத்தம் போட்டார்.

“ஏட்டி, இங்க வா. டிவி கெட்டுப்போச்சு!”

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். திரை முழுவதும் கறுத்திருந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மீன் வாடையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். “என்னட்டி, ஒரு டிவிக்குப் போய் இப்படி இருக்க? வாங்கிக்கிடலாம்” என்று என் கணவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

மகள் போனிலேயே ஆர்டர் போட்டாள். புது டிவி வந்து இரண்டு மாதமாகிறது. பழையதைவிடப் பெரிது. என்றைக்காவது இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கிறேன். படம் எப்படி இருக்கிறது என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்டால் நல்லா இருக்கு என்பார். நல்லாத்தான் இருக்கிறது.