கெங்கம்மாவின் கவுன்சிலர்

செதிலைச் சுரண்டிக்கொண்டே, கண்ணை நிமிர்த்தாமல் சொல்வாள் கெங்கம்மா: "பின்னாடி போ நைனா. உனக்கு முன்னாடி இந்த அம்மா நிக்குது." ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருமுனையில், அவள் கூடைக்கு முன்னால் காரில் வந்தவரும் ஒன்றுதான், நடந்து வந்தவரும் ஒன்றுதான். நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று சொல்லித்தான் விற்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு, எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத கவுன்சிலர் வைரவன் என்றால் உயிர். கூட்டத்தில் அடுத்தவர் மைக்கைப் பிடுங்குவார். அதிகாரிகளை ஒருமையில் அழைப்பார். வாயைத் திறந்தால் காது கூசும். மீன் வாங்க வரும் கரீமுல்லா பாய் சீண்டுவார்: "உன் கூடையாண்ட வந்து இப்டி பேசினா மண்டைய பொளந்துருவ. ஓட்டு மட்டும் அவருக்கா?"

கெங்கம்மா சிரிக்கமாட்டாள். அடுக்குமாடிக்காரர்களின் புகாரில் ஒருமுறை மாநகராட்சி ஆட்கள் அவள் கூடைகளை லாரியில் அள்ளிப் போட்டார்கள். காலில் விழுந்து கெஞ்சினாள். அதிகாரி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வைரவன் வந்தார், லாரியில் ஏறினார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கூடைகள் இறங்கின.

"நான் அழுதப்போ அந்தாளு என்ன பாக்கவேயில்ல பாய். இவரு திட்டுனதும் அவன் மூஞ்சில பயம் வந்திச்சி. அத்த என் கண்ணால பாத்தேன். எனுக்கு அது போதும்."

தேர்தலுக்கு முந்தின வாரம், அதே கெட்ட வார்த்தை அவள் வீட்டுக்குள் வந்தது. மகள் முத்துமாரிக்கு வார்டு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. வைரவனின் ஆள் நீட்டிய விண்ணப்பத்தை அவள் வரிசையில் கடைசியாக வைத்தாள். தாயிடம் கற்ற பழக்கம். வைரவன் எல்லோர் முன்னாலும் அவளை அந்த வார்த்தையால் திட்டி, காகிதங்களை முகத்தில் வீசினார்.

அழுது வீங்கிய மகளின் முகத்தைத் துடைத்தபடி கெங்கம்மா சொன்னாள்: "அவரு உன்ன திட்டல கண்ணு. அந்த நாற்காலிய திட்டினாரு."

"அதுல நான்தானேம்மா குந்திக்கினு இருந்தேன்?"

வேறு யாருக்கும் போட வேண்டாம், தேர்தலன்று ஓட்டுப்போடப் போகாமல் வீட்டில் இருந்தாலே போதும் என்று கேட்டுக்கொண்டாள் முத்துமாரி. கெங்கம்மா எழுந்து அரிவாள்மனையைக் கழுவப் போனாள்.

ஓட்டுப்பதிவு முடிந்த மாலை, மகளைத் தட்டின்முன் உட்காரவைத்து, வஞ்சிரத்தின் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். பரிமாறியது, முள் எடுத்தது, தண்ணீர் ஊற்றியது எல்லாம் வலக்கைதான். இடக்கையை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். குழம்புச் சட்டி சரிந்தபோதும் அதை வெளியே எடுக்கவில்லை.