கண்ணாடியோடு பேசுகிறவர்

கத்திரி காதோரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறார்: “நேத்து மழை உங்க பக்கமும் பேஞ்சுதா?” நாற்காலியில் இருப்பவரும் கண்ணாடிக்குள்ளிருந்தே பதில் சொல்கிறார். மழையில் தொடங்கிய பேச்சு பந்தாட்டம், விலைவாசி, பல்வலி என்று வளர்கிறது. எல்லாம் அந்த ஊர்ப் பாஷையில், தங்குதடையில்லாமல். வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

வெட்டி முடித்துத் துணியை உதறியதும் அதே வாடிக்கையாளர் எழுந்து திரும்பி, முகத்துக்கு நேரே நின்று ஏதாவது கேட்டால் தீர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “ம்... ஆமா... ம்” என்பதோடு சரி. அந்தப் பாஷையை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பிழைக்க வந்த புதிதில் பிறர் தலைக்குப் பின்னால் நின்று, கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். இவருக்கு ஊர்ப் பாஷை கைப்பழக்கம். கையில் கத்திரியோ சீப்போ வேண்டும், எதிரில் கண்ணாடி வேண்டும். வங்கிக்குப் போனால் கவுண்டரின் தடுப்புக் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். உள்ளே இருப்பவர் தன் சட்டையில் ஏதோ கறை என்று குனிந்து பார்த்துக்கொள்வார். சலூன் முதலாளி அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார். பார்வையில் ஒரு பழுதும் இல்லாத மனிதர்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் வாயே திறக்கவில்லை. மூன்று வயது நெருங்கியும் கையைக் காட்டுவாள், காலைப் பிடித்து இழுப்பாள், “ம்” என்பாள். அந்த “ம்” அப்பன் வழிச் சொத்து என்று மனைவி முதலில் கேலி செய்தாள். கீழ்வீட்டுக் குழந்தை இவளைவிடச் சின்னது. படியேறும்போதே ஊர்க்கதையெல்லாம் பேசும். அதைக் கேட்கும்போதெல்லாம் இருவரும் மகளின் வாயைப் பார்ப்பார்கள். கேலி நின்றுபோனது.

அப்போதுதான் மனைவியின் அக்கா கணவரான சகலை தொலைபேசியில் வந்தார். “ரெண்டு பாஷையையும் ஒரே மண்டைக்குள்ள கொட்டினா புள்ள குழம்பாம என்ன செய்யும்? வீட்ல தமிழ நிறுத்துங்க. ஊர்ப் பாஷை மட்டும் பேசுங்க.” சகலை வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் பயந்தவர்களுக்கு யார் சொன்னாலும் வேதவாக்கு.

மனைவிக்குத் தெரிந்த ஊர்ப் பாஷை காய்கறிக் கடையோடு முடிந்துவிடும். குளிப்பாட்டும்போது “யாரு காது இது, யாரு மூக்கு இது, இந்தத் தொப்பைக்குள்ள என்ன இருக்கு” என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது ‘வேணுமா’, ‘போதும்’, ‘எவ்வளவு’ என்ற கடைச் சொற்களை வைத்துக்கொண்டு குழந்தையைத் துவட்டினாள். அவர் பாடு அதைவிட வேடிக்கை. மகளை அலமாரிக் கண்ணாடி முன் ஸ்டூலில் உட்காரவைத்து, சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நின்றால்தான் பேச்சு வந்தது. வந்ததும் சலூன் பேச்சு. “எவ்ளோ எடுக்கணும்? காதுக்கு மேலயா? விலைவாசி எங்க போகுது பாத்தீங்களா?” மகள் கண்ணாடிக்குள்ளிருந்து அவரை உற்றுப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் வீடு ஊமையாகக் கிடந்தது. இனி இவள் பேசவே மாட்டாளோ என்ற பயத்தை மட்டும் இருவரும் எந்தப் பாஷையிலும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டதும் கண்ணாடிக்காரர் வியர்த்துப்போனார். மெல்ல எழுந்து, மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகில் கைவைத்து நின்றார். எதிரே புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவு. மடை திறந்துகொண்டது. சகலை, தமிழுக்குப் போட்ட தடை, ஸ்டூல் எல்லாவற்றையும் கதவைப் பார்த்தே கொட்டிமுடித்தார். மருத்துவர் ஒருமுறை பின்னால் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார். பிறகு குழந்தையின் காதைச் சோதித்தார். பொம்மைகளைப் பரப்பினார். அவர் தன் பாஷையில் கேட்டதையும், அம்மா தமிழில் கேட்டதையும் மகள் பிசகாமல் எடுத்துக் கொடுத்தாள்.

“ரெண்டு பாஷை கேக்கறதால எந்தக் குழந்தைக்கும் பேச்சு நின்னுபோகாது,” என்றார் மருத்துவர். “இவளுக்குக் காது நல்லா இருக்கு, சொல்றது புரியுது. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, விளையாட்டாவே பழக்குவோம். வீட்ல உங்களுக்கு எது தன்னால வருதோ அதுலயே பேசுங்க. நிறைய பேசுங்க.”

அதைக் கண்ணாடிக்காரர் தமிழில் சொல்லச் சொல்ல, மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. லிஃப்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டாள்: “யாரு மூக்கு இது? நீ சொல்லாட்டி போ, எனக்குத் தெரியும். என் தங்கத்தோட மூக்கு. உங்க பெரியப்பாவுக்கு இன்னிக்கு இருக்கு கச்சேரி.” கூட நின்றவர்கள் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மழைக்காலம் வந்து போனது. ‘பால்’, ‘வா’ என்று மகளிடமிருந்து இரண்டொரு சொல் உதிர்ந்தது. சேர்ந்தாற்போல் எதுவும் வரவில்லை. சலூன் விடுமுறை நாளொன்றில் அவர் அலமாரிக் கண்ணாடி முன் தரையில் உட்கார்ந்து கத்திரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னந்தலையில் ஏதோ பட்டது. கண்ணாடியில் பார்த்தால் மகள், சீப்பும் கையுமாக நிற்கிறாள்.

“எவ்ளோ எடுக்கணும்?” என்றாள், ஊர்ப் பாஷையில், அவருடைய அதே இழுவையோடு.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். அவர் மகளின் முகத்தை நேராகப் பார்க்கத் திரும்பினார். சீப்பு காதுமேல் தட்டியது.

“அசையாதப்பா,” என்றாள், இம்முறை தமிழில். “தலையக் குனி.”

அவர் குனிந்தார். எந்த வாடிக்கையாளரும் குனியாத அளவுக்கு, மோவாய் நெஞ்சில் முட்டக் குனிந்தார். சீவி முடித்து மகள் “போதும்” என்ற பிறகும் நிமிரவில்லை.